இரண்டு துப்பாக்கியும் ஒரு தகர டின்னும்

எங்கள் வயல் கண்மாய்க்குக் கீழே, கருவேலங்காட்டை ஒட்டிய கடைசி வயல். முந்தின வருஷம் விளைந்ததில் பாதியைக் காட்டுப்பன்றிகள் தின்றுவிட்டன. இந்த வருஷமும் போனால் விதைநெல்லுக்கே ஊரான் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அதற்காகத்தான் எங்கள் வீட்டுக்காரர் ராமநாதபுரத்துக்கு நடையாய் நடந்து, பயிர்க்காவலுக்கென்று துப்பாக்கி லைசென்ஸ் வாங்கினார். பக்கத்து வயல் என் அண்ணனுடையது. அவரும் வாங்கினார்.

அதோடு இருவரும் பன்றியை மறந்தார்கள். எந்த ஊரில் எந்தத் துப்பாக்கி மலிவு என்பதே பேச்சு. மதராஸ் கடையில் சீமை ஒற்றைக்குழல். புதுசு, பேரம் கிடையாது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுச் சரக்கு கொள்ளை மலிவாம். எல்லை தாண்ட விடமாட்டார்களாம். தொண்டியிலிருந்து கொழும்பு வியாபாரம் செய்த மரைக்காயர் ஒருவர் புதுக்கதை கொண்டுவந்தார்.

“தேயிலைத் தோட்டத்துத் துரைமாரு ஊருக்குப் போறாக. பெல்ஜியம் துப்பாக்கிய அரை விலைக்கு விட்டுட்டுப் போறாக. ஒண்ணு சுட்டா அடுத்த தோட்டா தானா ஏறிக்கிரும். இன்ஷா அல்லாஹ், முறையாத் தீர்வை கட்டியே கொண்டாந்து தாரேன்.”

இவர் அதை வாங்கினார். அண்ணன் மதராஸ் துப்பாக்கியோடு வந்து என் வீட்டில் காபி குடித்துக்கொண்டே சொன்னார்: “துரை வேண்டாம்னு போட்டதைத் தலையில தூக்கிட்டு வந்திருக்கீக மாப்பிள்ளை.”

“நீங்க ஒரு வெடி போட்டு அடுத்த தோட்டாவ மாத்துறதுக்குள்ள, பன்னி குடும்பத்தோட சாப்பிட்டுக் கைகழுவிரும் மச்சான்.”

இரண்டுக்கும் சந்தனம் பூசி, மாலை போட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணத்தன்று எனக்குக்கூட அத்தனை பெரிய மாலை இல்லை.

நெல் பழுத்தது. சைக்கிளில் போலீஸ்காரர் வந்தார்.

“எலெக்‌ஷன் முடியிறவரைக்கும் துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷன்ல இருக்கணும்.”

“அய்யா, கதிரு முத்தி நிக்கிது. பன்னி வருமே” என்றார் இவர்.

“பன்னிக்கு ஓட்டில்ல. அதுக்காகச் சட்டத்த மாத்த முடியுமா?”

இரண்டும் ஸ்டேஷன் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் சாய்ந்து நின்றன. இவர்கள் இருவரும் ரசீதை மடித்து வைத்துக்கொண்டு, தேர்தல் கூட்டம் கேட்கப் போய்விட்டார்கள். நானும் அண்ணன் வீட்டு மதினியும் மண்ணெண்ணெய் டின்னும் விறகுக் கட்டையுமாக வரப்பில் நின்றோம். பொழுது சாயும்போதும் விடியுமுன்னும் தட்டு தட்டென்று தட்டினோம். உள்ளங்கை கொப்பளித்தது. ஒரு பன்றியும் காட்டைவிட்டு வெளியே வரவில்லை.

களத்தில் நெல் குவிந்தபோது இவர் எல்லோரிடமும் சொன்னார்: “துப்பாக்கி வாங்குன சேதி பன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு. எட்டிப் பாக்கலையே.”

“எந்தத் துப்பாக்கி? என்னதா, ஒங்களதா?” என்றார் அண்ணன்.

எனக்கு வந்ததே ஆத்திரம். டின்னைக் கொண்டுபோய் இருவர் நடுவிலும் வைத்துக் கையை விரித்துக் காட்டினேன்.

இவர் கொப்பளத்தைப் பார்த்தார். பிறகு டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அண்ணனிடம் கேட்டார்:

“இது எந்த ஊர்ச் சரக்கு மச்சான்?”