கடல் உள்வாங்கிய மதியம்

அண்ணன் தார் எஸ் ஸலாமில் இறந்து ஒன்றரை மாதம் கழித்துத்தான் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. அதை வாங்கி, மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு, அதற்குப் பிறகும் பத்து நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் அண்ணன் வேலை பார்த்த பிஸ்கட் கம்பெனி ஆட்களே உடலை எரித்து முடித்திருந்தார்கள். அஸ்தியை வாங்கி அந்தக் கடலில் கரைத்துவிட்டுத் திரும்புவது மட்டும்தான் என் வேலை.

வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று சொன்னது மதினிதான். திருவனந்தபுரத்தில் அவர் வீட்டு அடுக்களையில் புடலங்காய் நறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்.

"இருபது வருஷம் அவருக்குப் பிடிச்சுக் கிடந்த ஊருல்லா. அவிடயே இருக்கட்டும். தரையில மட்டும் எங்கயும் வச்சிராதிய தம்பி. முழுசும் கடல்ல போணும், கேட்டோ."

அண்ணன் மகளுக்கு நிறைமாதம், வர முடியாது. சித்தப்பா தனியாகத் திண்டாடக் கூடாது என்று பெங்களூரிலிருந்து போனிலேயே ஊர் சுற்றிக் காட்டும் கைடு ஒருவரை ஏற்பாடு செய்திருந்தாள். அஸ்தி விஷயத்தை அவரிடம் நேரில் சொல்லிக்கொள்ளுங்கள் என்றாள். பஸ்ஸில் என் ஸ்டாப் வந்தால்கூட, வேறு யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்து எழுந்திருப்பவன் நான்.

காலை ஏழு மணிக்கு, அண்ணனோடு வேலை பார்த்த குஜராத்திக்காரர் ஒரு துணிப்பையை லாட்ஜ் வாசலில் என் கையில் தந்துவிட்டு ஷிஃப்டுக்கு ஓடினார். இத்தனை நாளும் சுடுகாட்டு மாமரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்களாம். உள்ளே மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. ஊரில், சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடையில் நிற்பவன் நான். இரண்டு லிட்டர், கனம் குறைந்த தகடு என்று கை சொன்னது. வேறெதுவும் தோன்றவில்லை.

கைடுக்கு ஏறக்குறைய என் வயது. இஸ்திரி கலையாத சட்டை, பளபளக்கும் கறுப்பு ஷூ. என்னை "ம்ஸே" என்று கூப்பிட்டார். பெரியவர் என்று அர்த்தமாம். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய கடை ஆங்கிலமும் எப்படியோ ஒத்துப்போயின. முதலில் கடற்கரைச் சாலைக்குத்தான் கூட்டிப்போனார். அலை சுவரில் அடித்து, சாலை வரைக்கும் தெறித்தது. சுவரில் ஜோடி ஜோடியாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளநீர் விற்பவர் என் பையையே பார்த்தார்.

"போட்டோ எடுக்கட்டா, ம்ஸே?"

"அப்புறம்" என்றேன். கடல் எங்கே போய்விடப் போகிறது?

மியூசியத்தில் பையைத் திறந்து மேஜையில் வைக்கச் சொன்னார்கள். நான் வெளியே நின்றுகொண்டேன். மீன் சந்தையில் ஏலம் எங்கள் விழிஞ்ஞத்தைப் போலவே சத்தமாக இருந்தது. கூட்டத்தில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். கைடு திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"உள்ள என்ன, தங்கமா? மத்தவங்க குடையைத் தருவாங்க, கேமராவைத் தருவாங்க, சில பேரு பொண்டாட்டியையே பாத்துக்கச் சொல்லிட்டுப் போவாங்க. நீங்க ஒரு பையைத் தர மாட்டேங்கறீங்க."

நானும் சிரித்தேன். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். பை என் மடியில் இருந்தது. சோறும் அவரைக்கொட்டையும் தேங்காய்ப்பாலும். என்ன ருசி என்று இப்போது கேட்டால் தெரியாது. அப்போது மதினி போன் செய்தார்.

"ஆச்சா தம்பி?"

"இல்ல மதினி."

"நாலு மணிக்கு ஏர்போர்ட்டுல நிக்கணும்னு சொன்னியளே. காலம்பறயே பிடிச்சு அங்கன என்னதான் செய்யிய?"

"ஊரு பாக்கேன்."

"பாருங்கோ, பாருங்கோ. அவரும் அதான் செஞ்சாரு" என்று சொல்லிப் போனை வைத்தார்.

கைடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மடியைத் தொட்டுக் காட்டி, "என் அண்ணன். சாம்பல். கடலில் விடணும்" என்றேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு மணி பார்த்தார்.

"காலையில ஏன் சொல்லல ம்ஸே? தண்ணி போயிருச்சே."

போய்ப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. காலையில் அலை அடித்த சுவருக்குக் கீழே மணலும் பாசியும் கிடந்தன. படகுகள் சேற்றில் சாய்ந்து நின்றன. பெண்கள் குனிந்து சிப்பி பொறுக்கினார்கள். கடல் தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. எங்கள் சங்குமுகத்தில் கடல் சாலையைத் தின்னும். இப்படி எழுந்து போய் நான் பார்த்ததில்லை.

"சாயங்காலம் ஏழு மணிக்கு இங்கயே வரும்" என்றார்.

"நாலு மணிக்கு ஏர்போர்ட்."

"அப்ப நாமதான் அதுகிட்ட போகணும்."

அவர் ஷூவைக் கழற்றி, கயிற்றை முடிந்து கழுத்தில் போட்டுக்கொண்டார். என் செருப்புக்கு வார் உண்டு. பையைக் கீழே வைக்கக் கூடாது, ஒரு கையால் கழற்ற வரவில்லை. அவர் சட்டென்று குனிந்து, இரண்டு வாரையும் அவிழ்த்து, என் செருப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்வதற்குள் முன்னே நடக்கத் தொடங்கிவிட்டார்.

முள்ளுள்ள கறுப்பு உருண்டைகளாக ஏதோ கடல் பிராணிகள் குட்டைகளில் கிடந்தன. மிதித்தால் முள் காலில் ஏறிவிடுமாம். அவர் வைத்த இடத்திலேயே கால் வைத்து நடந்தேன். அரைமணி நேரம் இருக்கும். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, பிறகு இடுப்புக்கு. அஸ்தியைப் பின்னால் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும் என்பது முறை. நான் கரையைப் பார்த்து நின்று, மூடியைத் திறந்து, தோளுக்கு மேலாகக் கவிழ்த்தேன். டப்பாவையும் விட்டேன்.

அவர் எனக்கு எதிரே, என் செருப்பைப் பிடித்தபடி நின்றார்.

"போகுதா?"

என் தோளுக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் பார்த்தார். "போகுது. தண்ணி இன்னும் வெளியதான் இழுக்குது. காலையில விட்டிருந்தா சுவர்ல அடிச்சுத் திரும்பியிருக்கும்."

நிஜமாகவே அப்படித்தானா, என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஏர்போர்ட் போகும் வழியில், கால்சட்டை ஈரத்தோடு மதினியைக் கூப்பிட்டேன்.

"ஆச்சு மதினி."

"முழுசும் போச்சா?"

"போச்சு."

"நீங்க கண்ணால பாத்தியளா?"

"திரும்பிப் பாக்கப்பிடாதுல்லா. கூட வந்தவரு பாத்தாரு."

அந்தப் பக்கம் குக்கர் விசில் சத்தம் வந்தது.

"அழுதியளா தம்பி?"

"இல்ல."

"ஷெரி" என்றார் மதினி. "நானும் இல்ல."