வெறும் நெற்றி, நான்கு வினாடி

நிவேதிகா பிடிவாதக்காரி. தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து, திருக்கேதீஸ்வரத்துப் பக்கம் பெற்றோரின் ஊருக்கு வந்து இரண்டு வருடம்தான். 2013இல் பள்ளிக்கூடத்தில் படம் எடுக்கப் பழக்கினார்கள். அன்று தொட்ட கமராவை அவள் கையிலிருந்து பிடுங்க ஆளில்லை!

ஐந்து நிமிடப் படத்துக்கு அயல்வீட்டு றஞ்சிதத்தைப் பிடித்தாள். கணவர் கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி வந்தவர்களையெல்லாம் றஞ்சிதம் வாசல் படலையோடு திருப்பி அனுப்பினார். "செத்ததை ஆர் கண்டது?" என்பார். பொட்டில்லாமல் அவர் வெளியே இறங்கியதில்லை.

ஒருநாள் காலை கிணற்றடியில் முகம் கழுவுவதற்காக ஒட்டுப்பொட்டைக் கழற்றி வாளி விளிம்பில் ஒட்டினார். நிவேதிகா அதற்குள் எடுத்துவிட்டாள். ஈர முகம், வெறும் நெற்றி, நான்கே வினாடி. கணவரைப் பற்றிய பேச்சுக்குப் பின்னால் அதைச் சொருகினாள். பார்ப்பவர்கள் அழவேண்டுமாம். நல்ல கெட்டித்தனம்!

படம் காட்டும் நாள். மண்டபம் நிறைந்துவிட்டது. முழுதாக ஓடும் படம்தான் கொழும்புப் போட்டிக்குப் போகும் என்று, படங்களைத் தெரிய வந்திருந்த நடுவர் சொல்லிவிட்டார். முன்வரிசையில் றஞ்சிதம் பொட்டோடு இருந்தார்.

பின்னாலிருந்த ஊர்க்காரி மனோன்மணி சீண்டினாள். "என்ன றஞ்சிதம், சான்றிதழ் எடுக்கிற யோசனையோ?"

"என்ர வாயால அது ஒருநாளும் வராது. படத்தைப் பாருங்கோ, தெரியும்."

புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்ற நிவேதிகாவுக்கு அது கேட்டது. அவரின் வாயால் வராததை அவரின் நெற்றியைக்கொண்டு தான் சொல்லவைத்தது அப்போதுதான் உறைத்தது. ஊரே பார்க்கப் போகிறது. படமோ ஓடத் தொடங்கிவிட்டது. ஒரு நிமிடம். இரண்டு. நிறுத்தினால் கொழும்பு இல்லை. விட்டால் றஞ்சிதம் இவ்வளவு நாள் பிடித்த பிடி போச்சு. திரையில் கிணற்றடி தெரிந்ததும் புரொஜெக்டர் வயரைப் பிடுங்கினாள்.

"என்ன பிள்ளை இது?" என்று நடுவர் எழும்பினார்.

நிவேதிகா எல்லாவற்றையும் சொன்னாள். "றஞ்சிதம் அக்கா பொட்டைக் கழட்டி முகம் கழுவேக்க எடுத்தனான். சோகமாத் தெரியவேணுமெண்டு நான்தான் அதைப் படத்தில போட்டனான். அது பொய்."

றஞ்சிதம் எழுந்து அவளை நோக்கி வந்தார். அடிக்கப்போகிறார் என்றே நிவேதிகா நினைத்தாள்.

"பொட்டோட திருப்பி எடு பிள்ளை," என்றார் றஞ்சிதம். "அவர் எங்கயாவது இருந்து இதைப் பாத்தாரெண்டால், நான் கைவிட்டிட்டன் எண்டு நினைச்சு வராமல் நிண்டிடுவார்."