ஸ்டெல்லா சூடாக்கிய நிலா

என் நிலா சீக்கிரம் ஆறிப்போனது. டிபார்ட்மென்டில் எல்லோருக்கும் அதுதான் தலைவலி.

துடியலூர் பக்கம் ஒரு கல்லூரியில் பிசிக்ஸ் பேராசிரியையாக இருந்தேன். நிலாவின் உட்பகுதி எப்படிச் சூடாகி, எப்படி ஆறியது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் மாடல் என்னுடையது. நிஜ நிலாவில் எரிமலைக் குழம்பு வெகுகாலம் வழிந்திருக்கிறது. அங்கிருந்து கொண்டுவந்த கற்களே சாட்சி. என் மாடலிலோ அதற்கு வெகு முன்பே உள்ளே உறைந்துவிடும். இதைச் சரிசெய்பவர் பெயர்தான் பேப்பரில் முதலில் வரும் என்று எச்.ஓ.டி. சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வேலைக்குச் சேர்ந்தாள் ஸ்டெல்லா. அதற்கு முன் இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் ஃபவுண்டரிகளுக்கு வார்ப்பு சிமுலேஷன் செய்துகொண்டிருந்தவள். என் ரிசல்ட்டைப் பார்த்ததும் கேட்டாள்:

“ஏனுங்க்கா, மேல் ஓட்டுக்கு, சூட்டக் கடத்துறதுல முழுப் பாறையோட கண்டக்டிவிட்டியப் போட்டிருக்கீங்க? அங்க விண்கல் விழுந்து விழுந்து நொறுங்கியில்லீங்க கெடக்குது? வார்ப்புல ஊத்தி முடிச்சதும், மேல உருகுன இரும்பு தேங்கி நிக்கற ரைசர் மேல பவுடர் தூவிப்போடுவோமுங்க. அதுதானுங்க சூட்டப் புடிச்சு வெக்கும்.”

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. கோயமுத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் வீதிமுனையிலேயே ஃபவுண்டரி இருந்தது. எனக்குத் தோன்றாதது நேற்று வந்தவளுக்குத் தோன்றுவதா?

தப்பாக வரட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டே, அவள் சொன்னபடி ஓட்டை மாற்றி ரன் கொடுத்தேன். நொறுங்கிய ஓட்டுக்குக் கீழே நிலா சூட்டை விடவே இல்லை. கற்கள் சொன்ன காலம் வரைக்கும் குழம்பு வழிந்தது. விடுவேனா? நிலாவைக் கூறுபோடும் கிரிட்டை மாற்றினேன். கணக்கு ஒவ்வொரு தடவையும் தாண்டும் டைம் ஸ்டெப்பைக் குறைத்தேன். உள்ளிருந்து சூடு தரும் யுரேனியம், தோரியம் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். தொட்ட பக்கமெல்லாம் அவளே ஜெயித்தாள்.

எச்.ஓ.டி. எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். “நம்பலாமுங்களா மேடம்?” என்று என்னைக் கேட்டார்.

“நம்பலாமுங்க சார். தப்புக் கண்டுபுடிக்கோணும்னு தலைகீழா நின்னு பாத்துட்டேன். கெடைக்கலீங்க.”

ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். “அக்கா சொன்னா அப்பீலே இல்லீங்க சார். எம் மேல இருக்கற கடுப்புக்குச் சும்மா உட்டிருக்க மாட்டாங்க.”

புதிதாக மாடலிங்குக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் கணக்கைப் பிரியமானவர்களிடம் காட்டாதீர்கள்; உங்களைக் கண்டாலே ஆகாதவரிடம் கொடுங்கள். அவர் கையில் தப்பித்தால் அது எங்கேயும் நிற்கும். ஸ்டெல்லாவுடையது நின்றது. முதல் பெயர் அவளுக்கே போனது. சரி என்று சொன்னவளும் நான்தான். இன்றைக்கும் அந்தப் பேப்பரை எடுத்துப் பார்த்தால் மனசு பொறுக்கமாட்டேன் என்கிறது.