ரங்கூனுக்குப் போகாத கேப்டன்

என் அப்பாவைப் பெற்ற தாத்தாவுக்குச் செத்த பிறகுதான் பதவி உயர்வுகள் வரிசையாக வந்தன. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவர் ரங்கூன் சண்டையில் உயிர் விட்ட சாதாரண சிப்பாய். நான் கல்லூரியில் சேர்ந்தபோது ஹவில்தார். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் சுபேதார் என்று சொல்லப்பட்டது. பெரியப்பாவின் பேரன் அமெரிக்கா போய்ச் சேர்ந்த வருடம் கேப்டனாகவே ஆகிவிட்டார். மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பது வருடம் உயிரோடு வேலை பார்த்த எனக்கு மொத்தம் இரண்டே பதவி உயர்வு.

இவற்றையெல்லாம் தாராளமாக வழங்கியவர் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். வயது எண்பத்தெட்டு. அவர் இருக்கும் லேஅவுட்டின் பூங்காவில், போரில் உயிர் கொடுத்தவர்களுக்கு ஒரு கல் வைப்பதாகச் சங்கத்தில் முடிவு செய்தார்கள். அங்கே வசிக்கும் குடும்பங்களின் பெயர்கள் அதில் ஏறும். தாத்தாவின் பெயரைக் கொடுத்தபோது செயலாளர் ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டார். பெரியப்பா கொதித்துப்போனார். “தேசத்துக்கு உயிரக் குடுத்தவருக்கு ப்ரூஃப் கேக்கறான்” என்று ‘வீர வம்சம்’ என்ற எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் நாலு நிமிடம் பேசி அனுப்பினார்.

ஆதாரம் தேடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ரிடையர் ஆனவளுக்கு வேறு என்ன வேலை என்பது குழுவின் ஏகமனதான கருத்து. “மிலிட்ரி ரெக்கார்டு மட்டும் வாங்கிட்டு வா, சாக்கு. வேற எதையும் கெளறாதே,” என்றார் பெரியப்பா. அவருக்குக் கோபம் வந்தால் தமிழுக்கு நடுவில் கன்னடம் வரும். சாக்கு என்றால் போதும் என்று அர்த்தம்.

எனக்கு அந்தக் கல்லில் ஒரு அக்கறையும் இல்லை. நான் ஒப்புக்கொண்டது அத்தைக்காக. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. கணவர் போன பிறகு மண்டி மொஹல்லாவில் என்னோடு இருக்கிறாள். தாத்தா பட்டாளத்துக்குப் போனபோது அவள் மூன்று மாதக் குழந்தை. அதே வருடம் கடிதம் நின்றது, மணியார்டரும் நின்றது. ரங்கூன் பக்கம் போனவர்கள் யாரும் திரும்பவில்லை என்று எவரோ சொன்னார்கள். காணாமல் போனவனுக்குப் பன்னிரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்பது சாஸ்திரம். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது? மூன்றாம் வருடமே தர்ப்பையில் ஓர் உருவம் செய்து எரித்துக் காரியத்தை முடித்தார்கள். பழி போட ஆள் வேண்டுமே. “அப்பனை முழுங்கினவ” என்ற பெயர் பால்பல் விழுவதற்குள் அத்தைக்குக் கிடைத்துவிட்டது.

நல்ல காரியம் நடக்கும் இடத்தில் அவளை யாரும் முன்னால் நிறுத்தியதில்லை. இருபத்துநாலு வயதுவரை வரன் அமையாமல், ஹனூரில் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். பேசி முடித்தவர் பெரியப்பா.

நான் தேடப்போகிறேன் என்று தெரிந்ததும் அத்தை அடுப்படிக்கு வந்து நின்றாள். “கண்ணு, அவரு செத்த தேதி கெடச்சா எனக்கு மொதல்ல சொல்லு. நாம் பொறந்து எத்தன நாள்ல செத்தாருன்னு தெரிஞ்சுக்கோணும்.”

“எத்தனை நாளா இருந்தா என்ன அத்தே?”

“நெறைய நாளா இருந்தா, நானில்லைன்னு சொல்லிக்கலாமில்ல.”

எண்பத்திரண்டு வயதுக்காரி.

தேதி தெரியாது என்றாலும் திதி மட்டும் எங்களிடம் இருந்தது. அதுவும் ஒரு கூத்து. செத்த நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் விட்டால் போதும். முதலில் அப்படித்தான் செய்துவந்தார்கள். அத்தைக்கு இருபது வயது இருக்கும்போது, யாரோ ஒரு ஜோசியர் பிரசன்னம் பார்த்துத் திதியைக் கண்டுபிடித்துவிட்டார் என்று பெரியப்பா வந்து சொன்னார். ஐப்பசி தேய்பிறை சப்தமி. மைசூரில் உட்கார்ந்தபடி ரங்கூன்வரை பார்த்த அந்த ஜோசியரின் கண்பார்வையை எங்கள் குடும்பம் இன்றுவரை மெச்சுகிறது.

போரில் இறந்தவர்களின் பெயர்களை நாடு வாரியாக இணையத்தில் ஏற்றிவைத்திருக்கிறார்கள். கோவேறு கழுதை ஓட்டியவர், துணி வெளுத்தவர், கல்லறையே இல்லாதவர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். எங்கள் கேப்டன் இல்லை. பிறகு அவர் சேர்ந்த பிரிவின் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதினேன். ஏழு மாதம் கழித்து ஒரு பக்க நகல் வந்தது.

தாத்தா ஃபிட்டர், இரண்டாம் வகுப்பு. யுத்தம் முழுக்க ஜபல்பூரில் ஒரு பட்டறையில் லாரிகளைப் பழுதுபார்த்திருக்கிறார். ஜப்பான்காரன் ஜபல்பூர்வரை வந்ததாக நான் படித்ததில்லை. நடத்தை: நன்று. வாரிசு என்ற கட்டத்தில் பாட்டியின் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு வேறொரு பெண்ணின் பெயரை எழுதியிருந்தார்கள். உறவு: மனைவி. நன்னடத்தைக்கு அந்தக் கட்டத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை போலிருக்கிறது. கடைசி வரியில், யுத்தம் முடிந்து உடல்நலத்துடன் விடுவிக்கப்பட்டார் என்றும், ஊர் திரும்ப ஸ்ரீரங்கப்பட்டணம்வரை ரயில் பாஸ் தரப்பட்டது என்றும் இருந்தது.

அதாவது, மைசூர் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் இறங்கிக்கொண்டார். எங்கள் வீட்டு ஆண்கள் வருடா வருடம் அவருக்கு எள்ளுத்தண்ணீர் விடப் போனதும் அதே ஸ்ரீரங்கப்பட்டணம், அதே காவேரிதான். அந்தப் பக்கம் குளிக்க வந்திருந்தால் தன் பங்கை நேரிலேயே வாங்கிக்கொண்டிருக்கலாம்.

பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். அதே பெயரில் வேறு ஆள் என்றார். தகப்பன் பெயர், ஊர், இடது கன்னத்து மச்சம்வரை படித்துக் காட்டினேன். “சும்னே இரு,” என்று அதட்டினார். “செத்தவர் செத்தவராவே இருக்கட்டும். காகிதத்தக் கிழிச்சுப் போடு.” செத்த அப்பா உயிரோடு இருந்தார் என்று கேட்ட பிள்ளை, எங்கே, எத்தனை நாள் என்றல்லவா முதலில் கேட்க வேண்டும்? அவர் கேட்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஸ்டோர்ஸ்காரியிடம் கிழித்துப் போடு என்றால் அவள் இன்னொரு நகல் எடுப்பாள். பஸ் ஏறி ஸ்ரீரங்கப்பட்டணம் போய், பழைய இறப்புப் பதிவேடுகளைப் பார்க்க எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது முறை போனபோது, அங்கிருந்த குமாஸ்தா ஒரு பக்கத்தை என் பக்கம் திருப்பி, “சிக்கிது மேடம்,” என்றார், தொலைந்த குடை கிடைத்த மாதிரி. தாத்தாவின் பெயர், அவர் தகப்பன் பெயர், பட்டாளத்தில் ஃபிட்டராக இருந்தவர், ஆஸ்துமாவால் மரணம். தேதியைப் பார்த்தேன். அத்தைக்கு அப்போது பத்தொன்பது வயது. தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் ‘மூத்த மகன்’ என்று எழுதி, வால் நீட்டிய ஒரு கையெழுத்து. பெரியப்பாவின் அந்த வாலை என் லக்னப் பத்திரிகையிலிருந்து பேங்க் காகிதம்வரை பார்த்திருக்கிறேன்.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து போனில் பஞ்சாங்கத்தைத் திறந்து அந்தத் தேதியைப் போட்டேன். ஐப்பசி தேய்பிறை சப்தமி. ஜோசியர் யார் என்று புரிந்தது. கொள்ளி வைத்தவருக்குத் திதி தெரியாமலா போகும்?

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். “நீங்க பொறந்து பத்தொம்பது வருஷம் கழிச்சு, அத்தே. ஆஸ்துமாவுல.” “பத்தொம்பதா?” என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு அழுதாள். கையெழுத்தைப் பற்றி எப்படிச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் பதிவேட்டு நகலை வாங்கிவிட்டாள். ஹனூரில் ஐம்பது வருடம் இருந்தவளுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் அழுகை நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆதாரத்துக்கு முன்பே கல்லில் போடும் வாசகத்தை முடிவு செய்யப் பெரியப்பா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். ‘கேப்டன்’ என்று முழுதாகப் போடுவதா, சுருக்கமாகப் போடுவதா என்று விவாதம் நடந்துகொண்டிருந்தது. அத்தை நகலை அவர் மடியில் வைத்தாள்.

“கொள்ளி வெச்சது நீங்களாண்ணா?”

பெரியப்பா காகிதத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்தப் பொம்பள ஆள் அனுப்பினா. போகாம இருக்க முடியுமா? வெளியில தெரிஞ்சா மானம் போயிடும். உனக்கும் கல்யாணம் ஆகணும். ஓடிப்போனவன் பொண்ணுன்னா யாரு கட்டுவான்?”

“அப்பன முழுங்குனவள யாருங்கண்ணா கட்டுனாங்க?”

பெரியப்பாவின் மருமகள் காபி கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போனாள். காபி வரவே இல்லை.

“ஆயிது. இப்ப அதுக்கு நான் என்ன பண்ணணுங்கற?” என்றார் பெரியப்பா.

“ஒண்ணும் பண்ண வேண்டாங்க. கல்லுல என்ன வேணா எழுதிக்குங்க. இங்க எல்லாரும் இருக்கறாங்க. எங்கப்பன நாம் முழுங்குலைன்னு உங்க வாயால ஒருக்கா சொல்லுங்க.”

அறுபது வருடமாக ரங்கூன் சண்டையைக் குண்டு குண்டாக வர்ணித்த வாய் அது. இப்போது கண்ணாடியை ஊதிக்கொண்டிருந்தது. அத்தை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேர் எதிரில் உட்கார்ந்தாள்.

“மெதுவாச் சொல்லுங்கண்ணா. எனக்கு அவசரமில்ல.”