அஞ்சலையின் ஐந்து மாதங்கள்

காலுக்குப் பெரிதான சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஒருத்தி பலகைப் படிக்கட்டில் ஏறி வந்தால் ஒவ்வொரு படிக்கும் இரண்டு சத்தம் கேட்கும். முதலில் சப்பாத்து படியில் விழும், பிறகு அதற்குள் கால் விழும். பினாங்கில் நான் படித்த ஆங்கிலப் பெண்கள் பள்ளியின் மாடி வகுப்புக்கு அஞ்சலை முதல் நாள் அப்படித்தான் வந்து சேர்ந்தாள். ஆளைக் காண்பதற்கு முன்பே அந்தச் சத்தத்தைக் கேட்டு நாங்கள் எல்லாரும் கதவுப் பக்கம் திரும்பிவிட்டோம், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனப்பெண் கிம் நியோ கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். உள்ளே வந்தவள் தலையில் எண்ணெய் வழிந்தது, காதோரம் கனகாம்பரம் தொங்கியது, கையில் ஒரு துணிப்பை இருந்தது.

ஜெர்மன்காரர்களோடு நடந்த பெரிய சண்டை முடிந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. ஜெலுத்தோங்கிலிருந்து பட்டணத்துக்கு டிராம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. தமிழ் வீடுகளில் பெண்பிள்ளையை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். என் அப்பா ஒரு கப்பல் கம்பெனியில் "பெரிய கிராணி", அதாவது தலைமை எழுத்தர் என்பதால் எனக்கு அது வாய்த்தது. இரண்டு வருஷமாக அந்தப் பள்ளியில் நான் ஒருத்திதான் தமிழ்ப்பெண். அங்கே நிலைப்பதற்காக நான் தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டேன், பூவை விட்டேன், அம்மா கட்டிக்கொடுத்த தயிர்ச்சோற்றை வழியில் நாய்க்குப் போட்டுவிட்டு ரொட்டி தின்னக் கற்றுக்கொண்டேன். மற்றப் பிள்ளைகள் என்னைக் கண்டால் மூக்கைப் பிடிப்பதை நிறுத்தி அப்போதுதான் சில மாதங்கள் ஆகியிருந்தன.

எங்கள் வகுப்பு ஆசிரியையை நாங்கள் "மிஸ்" என்றுதான் கூப்பிடுவோம். அவர் அஞ்சலையை ஒரு முறையும் என்னை ஒரு முறையும் பார்த்துவிட்டு, "கமலம், இவள் உங்கள் ஆள். இவளுக்கு எல்லாம் பழகும்வரை நீதான் பொறுப்பு" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, என்னைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பி அவள் பக்கத்தில் உட்காரவைத்தார். உங்கள் ஆள் என்ற அந்தச் சொல் என்னை எரித்தது. இரண்டு வருஷம் பாடுபட்டு நான் துடைத்தெறிந்திருந்த எல்லாம் ஒரே காலையில் எண்ணெய் மணத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அன்று மாலை அவளை அழைத்துப்போக அவள் அம்மா வாசலில் நின்றிருந்தார். வெளுத்த நீலச் சேலை, வெறுங்கால். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் கேட்டுக்கு வெளியே சுவரை ஒட்டி நின்றவர், என்னைக் கண்டதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீதான் கமலமா? இவளுக்கு ஒண்ணுமே தெரியாது, பாப்பா. அக்கரையில, புக்கிட் மெர்தாஜாம்ல தமிழ்ப் பள்ளோடத்துல படிச்சவ. எதாச்சும் தப்பாப் பேசிட்டான்னா நீ சொல்லிக்கொடும்மா, அடிச்சாலும் பரவால்லை."

அடிக்கவில்லை, ஆனால் மறுநாளிலிருந்து மிரட்டினேன். சப்பாத்தின் முனையில் காகிதத்தைத் திணித்து அது காலில் நிற்கச் செய்தது நான்தான். வெளியே போக அனுமதி கேட்கும் இங்கிலீஷ் வாக்கியத்தை, தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் நிறுத்தி நூறு தடவை சொல்லவைத்தேன். மிஸ் கேள்வி கேட்டால் எழுந்து நிற்கவேண்டும், கையைக் கட்டக்கூடாது, தரையைப் பார்க்கக்கூடாது, சோற்றை எல்லார் முன்னாலும் பிசையக்கூடாது என்று நான் போட்ட சட்டங்களை எல்லாம் அவள் சிணுங்காமல் கேட்டுக்கொண்டாள். நோட்டுப்புத்தகத்தின் அட்டையில் அவள் பெயரை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று ஒவ்வோர் எழுத்தாகக் கைபிடித்து எழுதிக்காட்டினேன். கொஞ்ச நாளில் எனக்கு இது பிடித்துப்போனது. எனக்குக் கீழே ஒருத்தி இருந்தது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமைகளில் டிராம் ஏறி எங்கள் வீட்டுக்கு வருவாள். அம்மா அவளுக்குப் பித்தளைத் தம்ளரில் காப்பி கொடுப்பார். "பதவிசான பிள்ளை" என்று என்னிடம் மெச்சிவிட்டு, அவளிடம், "ஒங்க அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்பார். "வெளியூர்ல இருக்காங்க" என்பதற்குமேல் அஞ்சலை எதுவும் சொல்லமாட்டாள். அம்மா அதற்குத் தானாகவே ஒரு கதை கட்டிக்கொண்டார். ஆள் இன்னொருத்தியோடு போயிருப்பான் என்று அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது.

மூன்றாம் மாதம், விளையாட்டு மைதானத்து ஓரத்து மரத்தடியில், அவள் சட்டைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினாள். பக்கம் முழுக்க அழகான இங்கிலீஷ் கையெழுத்து. பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பிழை, கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பு என்று அடியில் எழுதியிருந்தது. காகிதத்தில் ஆஸ்பத்திரி மருந்தின் நெடி அடித்தது.

"அப்பா எழுதினது. வாரா வாரம் வரும். ரயில் ஸ்டேசன்ல கிராணியா இருந்தாங்க, ஒங்க அப்பா மாதிரியே" என்றாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இப்ப ஜெரெஜாக்ல இருக்காங்க."

ஜெரெஜாக் தீவு, குஷ்டம் என்கிற பெருநோய் கண்டவர்களைக் கொண்டுபோய் வைக்கும் இடம் என்பது பினாங்கில் கைக்குழந்தைக்கும் தெரியும். அந்தப் பெயரைச் சொல்லித்தான் அடம்பிடிக்கும் பிள்ளைகளை மிரட்டுவார்கள். அவள் அப்பாவின் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்ததும், டாக்டர் வந்து பார்த்ததும், ஒரே வாரத்தில் போலீஸ்காரரோடு படகில் ஏற்றியதும், அந்தத் தீவுக்கு முடிந்தவரை கிட்டத்தில் இருக்கவேண்டும் என்று அவள் அம்மா வீட்டைக் காலிசெய்து ஜெலுத்தோங் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், ஓலை வேய்ந்த ஓர் அத்தாப்பு வீட்டுக்குக் குடிவந்ததும், எல்லாவற்றையும் அவள் பாடம் ஒப்பிப்பது மாதிரி ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவளை இந்தப் பள்ளியில் சேர்க்கவேண்டும் என்று தீவிலிருந்து கடிதம் எழுதிக் கேட்டதும் அவர்தானாம்.

"யார்ட்டயும் சொல்லிராதே கமலம். அம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க."

"சொல்லமாட்டேன் லா" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். வீட்டுக்குப் போனதும் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். ஆனால் யாரிடமும் மூச்சுவிடவில்லை. இரண்டு மாதம் காப்பாற்றினேன்.

ஐந்தாம் மாதம் அரையாண்டுப் பரீட்சை வந்தது. இங்கிலீஷ் கட்டுரையில் அஞ்சலை முதல். மிஸ் அவள் எழுதியதை வகுப்பில் உரக்கப் படித்தார். புக்கிட் மெர்தாஜாம் ரயில் நிலையத்தில் விடியற்காலையில் கொடி காட்டுகிறவரைப் பற்றிய கட்டுரை அது. படித்து முடித்ததும், பிறர் சொல்லிக் கொடுக்காமல் இப்படி எழுத வராது, கமலத்தைத்தான் பாராட்டவேண்டும் என்றார். பெருந்தன்மையாகச் சொன்னதாகத்தான் அவர் நினைத்திருப்பார். பிறகு அஞ்சலையை எழுப்பி முதல் பெஞ்சில் உட்காரவைத்தார், என்னைக் கடைசி பெஞ்சிலேயே விட்டுவிட்டார். மணி அடித்ததும் கிம் நியோ என்னிடம் வந்து, "உன் ஆடேக் உன்னைவிடக் கெட்டிக்காரி லா" என்றாள். ஆடேக் என்றால் மலாயில் தங்கை.

அன்று மார்க்கு அட்டையைப் பார்த்துவிட்டு அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "அந்த ஜெலுத்தோங் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிக் கொடுத்தது நீ. இப்ப அவ மேல போயிட்டா, நீ கீழ கெடக்கே. ஒங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாரு?"

எனக்குக் கோபம்கூட வரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னேன். "அவ அப்பா ஜெரெஜாக்ல இருக்காரு."

அம்மா எழுந்துபோய் அந்தப் பித்தளைத் தம்ளரைக் கிடுக்கியால் பிடித்துக் கொல்லைச் சாக்கடையில் எறிந்தார். அப்பா வந்ததும் இருவரும் அறைக்குள் பேசினார்கள். பிறகு அப்பா மேசையில் உட்கார்ந்து தலைமையாசிரியைக்குக் கடிதம் எழுதினார். அவருடைய இங்கிலீஷ் மிக நேர்த்தியானது, ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது. பாதியில் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு பேருக்கு என்னம்மா ஸ்பெல்லிங்?" என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.

அந்த வாரத்துக்குள் விஷயம் எல்லா வீடுகளுக்கும் எட்டிவிட்டது. டாக்டர் ஒருவர் வந்து, அஞ்சலையைத் தனியறையில் வைத்து, காது, விரல், முதுகு எல்லாவற்றையும் சோதித்தார். ஒரு நோயும் இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்ததாக மிஸ் எங்களிடம் சொன்னார். ஆனால் நான்கு பிள்ளைகளின் பெற்றோர் அதற்குள் தங்கள் பெண்களை வீட்டில் நிறுத்தியிருந்தார்கள். ஒரு புதன்கிழமை கணக்குப் பாடத்தின் நடுவில் அஞ்சலையைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவள் போனபின் இரண்டு வேலைக்காரர்கள் வந்து முதல் பெஞ்சை பினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவி வெயிலில் போட்டார்கள். மறுநாள் மிஸ் என் முகத்தைப் பார்க்காமல், "கமலம், முன்னால் வா" என்றார். அந்த பெஞ்சில் வேறு யாரும் உட்கார மாட்டேன் என்றுவிட்டார்கள். நான் போய் உட்கார்ந்தேன். மரம் இன்னும் ஈரமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அவளுடைய புத்தகங்களை வாங்கிப்போக அம்மாவும் மகளும் வந்தார்கள். நான் பக்கத்து வாசல் வழியாக நழுவப் பார்த்தேன்; அவள் அம்மா என்னைப் பார்த்துவிட்டார். இந்தத் தடவை என் கையைத் தொடவில்லை, தன் கைகளைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டார்.

"எந்தப் பாவி வாய்விட்டானோ தெரியலை. நீ ஒருத்திதான் பாப்பா அவளை மனுஷியா நடத்தினே. நல்லாயிருப்பே."

அவர் முன்னால் நடக்க, அஞ்சலை ஒரு நிமிஷம் பின்தங்கினாள். அழுதிருந்த முகமாகத் தெரியவில்லை. "அம்மாட்ட சொல்லலை. அவங்களுக்கு ஒன்னைய ரொம்பப் பிடிக்கும்" என்றாள். வாசலைத் தாண்டியதும் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு டிராம் நிற்கும் இடத்துக்கு நடந்துபோனாள்.

மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்ற எட்டு வருஷம் ஆனது. இருபது வயதில், அதே பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்த பிறகு, ஒருநாள் ஜெலுத்தோங் கம்பத்தில் அந்த வீட்டைத் தேடிப்போனேன். அதில் வேறு குடும்பம் இருந்தது. தீவில் இருந்தவர் இறந்துபோனார், தாயும் மகளும் அக்கரைக்கே திரும்பிவிட்டார்கள், அந்தப் பெண் யார் வீட்டிலோ வேலைக்கு நிற்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். யார் வீடு, எந்த ஊர் என்பது யாருக்கும் தெரியவில்லை. அக்கரைக்குப் போய்த் தேடியிருக்கலாம். போகவில்லை.

இப்போது டிராம் இல்லை, தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். அந்த நோய்க்கு மருந்து வந்துவிட்டது. குணமாகி வீடு திரும்புகிறவர்களைப் பற்றிப் பத்திரிகையில் படிக்கிறேன். பிறகு வந்த சண்டையில் ஜப்பான்காரர்கள் குண்டு போட்டபோது பள்ளியின் பாதிக் கட்டடம் எரிந்தது. பலகைப் படிக்கட்டும் மாணவிகளின் பதிவேடுகளும் பரிசு பெற்றவர்களின் பெயர்களைப் பொறித்திருந்த பலகையும் அதோடு போயின. அஞ்சலை அங்கே படித்தாள் என்பதற்கு இன்று ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. சண்டை முடிந்து மண்டபத்தைப் புதுப்பித்தபோது, பழைய மாணவிகளின் ஞாபகத்தைக் கொண்டு பெயர்ப்பலகையை மறுபடி எழுதலாம் என்று முடிவுசெய்து, எங்கள் வகுப்பில் இங்கிலீஷில் முதலாவதாக வந்தது யார் என்று கேட்டு என்னிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்தார்கள். ஆண்டு முடிவில் அந்தப் பரிசு எனக்குத்தான் கிடைத்தது, போட்டிக்கு யாரும் இல்லை. ஒரு நாள் பூராவும் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, என் பெயரையே எழுதிக் கொடுத்தேன். தங்க மையில் எழுதியிருக்கிறார்கள். தினமும் காலையில் பிள்ளைகளை வரிசையாக அதன் கீழேதான் அழைத்துப்போகிறேன்.