மல்லித்தூள் டப்பாவும் பிலோமினா மேடமும்

செய்தி வந்தபோது குளத்தூர் மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். நம் ஓய்வூதியர் சங்கச் செயலாளர் போனில், "பிலோமினா மேடம் காலையில தவறிட்டாங்க சார்" என்றார். கடைக்காரர் எத்தனை அட்டை வேண்டும் என்று கேட்டதற்கு, கையில் இருந்த சீட்டை அப்படியே நீட்டினேன். என் மனைவி சரோஜாவின் சர்க்கரை மாத்திரையை உள்ளூர்க் கடையில் நாலு பேர் பார்க்க வாங்குகிறேன் என்றால், அது அந்த அம்மாள் கொடுத்த தைரியம்.

தாலுகா அலுவலகத்தில் அவர் கண்காணிப்பாளர், நான் உதவியாளர். எந்தக் கோப்பையும் ஒரு வரி விடாமல் படித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். அதற்காக அவரைத் திட்டாத ஆள் எங்கள் பிரிவில் இல்லை. முதல் ஆள் நான்தான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. ஓய்வூதியருக்கான அரசுக் காப்பீட்டுக்கு ஒரு வரம்பு உண்டு. பெரிய ஆபரேஷன் என்றால் அது தாண்டிவிடும். மீதியைத் தரும் டாப்-அப் பாலிசி எதை எடுப்பது என்று தெரியாமல் விழித்த நம்மைச் சனிக்கிழமைதோறும் சங்க அறையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

அவர் முறையே தனி. நாம் பிரீமியத்தைக் கேட்போம். அவரோ, "மொதல்ல மாத்திரை டப்பாவக் கொண்டாங்க, பாலிசி அப்புறம்" என்பார். நாம் மஞ்சள் பையில் கொண்டுபோனதை மேசையில் கொட்டி, ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டு, விண்ணப்பத்தில் எழுதவைப்பார். "வாங்குற அன்னிக்கு எல்லாப் பாலிசியும் நல்ல பாலிசிதான் சார். ஆஸ்பத்திரியில படுத்த அன்னிக்குத்தான் அது யாருன்னு தெரியும்." உங்களில் பலர் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பீர்கள்.

என் முறை வந்தபோது என் டப்பாவை மட்டும் கொண்டுபோனேன். சரோஜாவுக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை. ஆனால் வெளியே ஒருவருக்கும் தெரியாது. மாத்திரைகள் சமையலறையில் மல்லித்தூள் டப்பாவுக்குள் இருந்தன. அப்போது மகளுக்கு விராலிமலையில் மாப்பிள்ளை பேசி முடிக்கும் நேரம். சர்க்கரைக் குடும்பம் என்று தட்டிவிடுவார்களோ என்று பயம். போதாக்குறைக்கு, பாலிசி போட வந்த ஏஜெண்டே மாப்பிள்ளையின் தாய்மாமன். சம்பந்தம் பேசும் இடத்தில் அவரை விட்டு வேறு ஆளிடம் போடவும் முடியாது. விண்ணப்பத்தில் 'இல்லை' என்று எழுதிவைத்திருந்தேன்.

"வீட்டம்மா டப்பா எங்க சார்?"

"அவளுக்கு ஒண்ணும் இல்லிங்க மேடம்."

"ஆபீஸ் விழாவுல சீனியில்லாம காபி கேட்டாங்களே, அத நான் பாத்தேன்."

மறுநாள் காலை அவரே வீட்டுக்கு வந்து நேரே சமையலறைக்குள் போனார். தன் கணவர் கதையைச் சரோஜாவிடம் சொல்லியிருக்கிறார். அந்த மனிதருக்கு ஆஸ்துமா. ஏஜெண்ட் 'இல்லை' என்று நிரப்பிக் கொடுத்த தாளில், வீட்டு விஷயம்தானே என்று, மேடம் வாழ்நாளில் ஒரே ஒரு முறை படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் கணவர் கிடக்கும்போது கம்பெனி கைவிரித்துவிட்டது.

சரோஜா டப்பாவோடு வெளியே வந்தாள். "எழுதிருங்க. மக கல்யாணத்துக்கப்புறமும் எத்தன நாளைக்கு இத ஒளிச்சு வைக்கிறது?" என்றாள்.

எனக்குத் தலைக்கு மேல் கோபம். அன்று மேடத்தைப் பார்த்து நான் சொன்னதை இங்கே எழுத வேண்டும். "ஒங்களுக்குன்னு ஒரு பொண்ணு இருந்தா தெரியும்" என்றேன். பிள்ளையில்லாத மனுஷியிடம். உள்ளறையில் இருந்த என் மகளுக்கும் அது கேட்டிருக்கும். மேடம் பையை எடுத்துக்கொண்டு, "வாரேன் சரோஜா" என்று மட்டும் சொல்லிப் போனார்.

'ஆம், ஒன்பது ஆண்டுகளாக' என்று சரோஜாவே எழுதினாள். தாய்மாமன் அதைப் படித்துவிட்டு மடித்துக்கொண்டு போனார். இரண்டு நாள் போன் இல்லை. வீட்டில் உலை வைக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து சிரித்தார். "எங்கக்காவும் இதே மாத்திரைதான் போடுது. அவுகளும் ஒங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் முழிச்சாக." கல்யாணம் நடந்தது. மேடமும் வந்து சாப்பிட்டுப் போனார். அவர் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு நான் பந்தியில் அங்கிட்டும் இங்கிட்டும் ஓடிக்கொண்டிருந்தேன்.

சர்க்கரையால் வரும் செலவுக்குப் பாலிசி பணம் தராத காத்திருப்புக் காலம் மூன்று வருடம். நான்காம் வருடம் சரோஜாவுக்குத் திருச்சியில் இதய ஆபரேஷன். அரசுக் காப்பீடு பாதியிலேயே தீர்ந்தது. டாப்-அப் கம்பெனி ஆள் வந்து பழைய டாக்டர் சீட்டுகளையெல்லாம் கேட்டார். சீட்டில் இருந்ததும் விண்ணப்பத்தில் இருந்ததும் ஒன்றாக இருந்தன. அனுமதி வந்தது. சரோஜா பிழைத்தாள்.

மேடம் பிளாஸ்கில் கஞ்சியோடு வந்தார். "மேடம், அன்னிக்கு நான்..." என்று தொடங்கினேன்.

"ரூம் வாடகைக்கு வரம்பு இருக்கு சார். பெரிய ரூமுக்கு மாத்தச் சொன்னா மாட்டேன்னுருங்க" என்றார். அதற்குப் பிறகும் அவர் என்னை அதை முடிக்கவிடவில்லை.

அடக்கத்துக்கு விராலிமலையிலிருந்து என் மகள் வந்தாள். பெட்டியின் தலைமாட்டில் போய் நின்றவள் நகரவில்லை. சர்ச்சில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை, "நீங்க என்ன உறவும்மா?" என்று கேட்டார். "நான் அவங்க பொண்ணுங்க" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அங்கேயே அழுதுவிட்டேன்.

இப்போது சனிக்கிழமைகளில் அந்த மேசையில் நான் உட்காருகிறேன். போன வாரம் நம் உறுப்பினர் ஒருவர், மனைவியின் டப்பாவைக் கேட்டதற்கு, "என் வீட்டு விஷயத்துல நீ யாருய்யா?" என்று எகிறினார். எனக்கு மூக்கின்மேல் கோபம் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் விண்ணப்பத்தை மட்டும் தனியே எடுத்துவைத்தேன். மறுநாள் காலை அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.