பைக் பற்றிய கேள்விகள்

என் கணவர் ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்குத் தயாரான அந்த இரண்டு மாதமும், தினம் மதியம் மூன்று மணிக்கு மேல் நாங்கள் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். கொல்கத்தாவில் டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு தமிழர் நடத்தும் டிபன் கடையில் அவர் சமையல் மாஸ்டர். மதியக் கூட்டம் ஓய்ந்ததிலிருந்து சாயங்கால வடைக்கு மாவாட்டப் போகும்வரை அவருக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும். எனக்குக் காலை நேரப் பள்ளியில் வேலை; அதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

வெளிநாட்டில் ஒரு தென்னிந்திய ஓட்டல் அவரை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. விசாவுக்கு ஆங்கிலத்தில் தேறவேண்டும். கொல்கத்தாவை விட்டுப் போய்விடலாம் என்று முதலில் சொன்னது நான்தான். எங்கள் மகள் போய் அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அவளுக்கு ஒன்பது வயது. ஏரிக்குப் போகும் சந்தில் அப்பாவோடு சைக்கிள் பழகிக்கொண்டிருந்தபோது, திருப்பத்தில் வந்த வேன் மோதிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் என்னிடம், "பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். கையை மீறிப் போயிட்டா" என்றார். நான் நம்பினேன். அதற்குப் பிறகு அந்தச் சாயங்காலத்தைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. அவளைப் பற்றியே பேசவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

பயிற்சிப் புத்தகத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் நாலைந்து கேள்விகள் இருந்தன. வானிலை, தொப்பி, அண்டை வீட்டார், பைக். ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னால் மதிப்பெண் வராது. ஒரு காரணம் சொல்லுங்கள், பழைய சம்பவம் ஒன்றைச் சேருங்கள் என்று மேலே கட்டம் கட்டிப் போட்டிருந்தது. பைக் என்ற பக்கத்தைப் பார்த்ததுமே தாண்டிவிடத்தான் நினைத்தேன். அந்த ஊர் ஆங்கிலத்தில் பைக் என்றால் சைக்கிள். ஆனால் அவர் அதை மோட்டார் சைக்கிள் என்றே எடுத்துக்கொண்டார், அல்லது அப்படிக் காட்டிக்கொண்டார்.

"டூ யூ ரைட் எ பைக்?" என்று கேட்டேன்.

"நோ."

"நோன்னு நிறுத்தினா எப்படி? ஏன்னு சொல்லுங்க."

"ஏன்னா என்கிட்ட பைக் இல்ல. இதுல என்னத்தச் சொல்ல?"

நான் சிரித்துவிட்டேன். இரண்டு வருஷத்தில் அந்த மேஜையில் யாரும் சிரித்திருக்கவில்லை. அப்புறம் இருவரும் சேர்ந்து ஒரு பதிலைக் கட்டினோம். திருநெல்வேலியில் சித்தப்பாவின் வண்டி, ஆற்றுப் பாலம், காற்று. எல்லாம் பொய். அவருக்குச் சித்தப்பாவே கிடையாது. வாக்கியத்தை நான் நீட்டிக் கொடுக்க, அவர் மனப்பாடம் செய்தார். அடுப்படியில் தோசைக் கரண்டியோடு நின்று அதையே முணுமுணுப்பதாகக் கடைக்காரர் என்னிடம் சொன்னார்.

அந்தப் பக்கத்தின் கடைசிக் கேள்வியை மட்டும் நான் கேட்காமலே தாண்டிப் போவேன். குழந்தைகள் பைக் ஓட்டப் பழகுவது நல்லதா? அதில் மோட்டார் சைக்கிள் என்று ஏமாற்ற வழியில்லை.

ஒருநாள் நல்ல மழை. மின்விசிறி ஓடவில்லை. நான் வழக்கம்போல் பக்கத்தைத் திருப்பப் போனேன். அவர் புத்தகத்தின் மேல் கையை வைத்தார்.

"இதையும் கேளு."

"வேண்டாம்ங்க."

"பரீட்சையில வந்தா நான் என்ன செய்வேன்? கேளு."

கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்தபடி ஆரம்பித்தார். "யெஸ். இட் இஸ் குட். ஐ டீச் மை டாட்டர்." கொஞ்சம் நிறுத்தினார். "ஐ ஹோல்ட் த சீட். ஷி செட், அப்பா, லீவ். ஐ லெஃப்ட்."

"லெஃப்ட் இல்ல" என்றேன். "ஐ லெட் கோ. கையை விட்டேன்னா அப்படித்தான் சொல்லணும்."

வாய் சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

அவர் பணிவான மாணவரைப் போல, "ஐ லெட் கோ" என்றார்.

அவர் தன் உடைந்த ஆங்கிலத்தில் மேலே சொல்லிக்கொண்டே போனார். அவள் நன்றாகத்தான் ஓட்டினாளாம். திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். அவருக்குப் பெருமையாக இருந்ததாம், கை தட்டினாராம். என்னிடம் தமிழில் ஒருபோதும் சொல்ல முடியாததை எல்லாம் அந்த அந்நிய பாஷையில் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

"அவ என்ன சொன்னா?" என்று தமிழில் கேட்டேன். "சரியா அவ சொன்னபடியே சொல்லுங்க."

"'சேடே தாவ், அப்பா, சேடே தாவ்'ன்னா." தெருப் பிள்ளைகளோடு விளையாடி விளையாடி அவளுக்குத் தமிழைவிட வங்காளம்தான் முதலில் வரும். விடுங்க அப்பா, விடுங்க என்று அர்த்தம்.

"ஏன் என்கிட்ட பொய் சொன்னீங்க?"

"நீ கேட்டப்போ உன் முகத்தைப் பாத்தேன். சொல்ல முடியல."

எழுந்து பால்கனிக்குப் போனேன். நாங்கள் காக்கிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அம்மா நனைந்த துணிகளை அவசரமாக எடுத்துக்கொண்டிருந்தார். என் கணவர் மேல் கோபப்பட எனக்கு நியாயம் இல்லை என்று தெரியும். எந்த அப்பாவும் ஒருநாள் விடத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை பழகாது. இதை மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன். ஆனாலும் அன்றைக்கு அவர் தட்டில் சோறு போட என் கை வரவில்லை. நாலு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் மதியம் அவரே புத்தகத்தை எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தார். நான் தொப்பியைப் பற்றிக் கேட்டேன்.

தேர்வு நியூ டவுனில். வாசலில் காத்திருந்தேன். வெளியே வந்ததும், "சாப்பாட்டைப் பத்திக் கேட்டாங்க. நான் சமையக்காரன்லா, விடுவேனா?" என்றார். வண்டியில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் இழுத்துக்கொள்ளவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

தேறிவிட்டார். விசாவும் வந்தது. கிளம்பும் வாரத்தில், நான் பிறகு வருகிறேன், பள்ளியில் வருஷக் கடைசி என்று சொன்னேன். அது சாக்கு என்று அவருக்குத் தெரிந்தது. "சரி" என்றார். விமான நிலையத்தில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறார். மகளைப் பற்றித் தமிழிலேயே பேசுகிறார். அவள் உப்புமாவில் கடுகைப் பொறுக்கி ஒதுக்கியது, ஜன்னலுக்கு வெளியே போகும் ரயில் சத்தத்தில் கத்திக் கத்திப் பாடம் படித்தது. நான் கேட்டுக்கொண்டிருப்பேன். சில வாரம் நானும் ஒன்றிரண்டு சொல்வேன். சில வாரம் தலைவலி என்று சீக்கிரம் வைத்துவிடுவேன்.

"நீ எப்ப வாறே?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்.

"பாக்கலாம்ங்க" என்கிறேன்.